பென்டிகோ வந்ததும் 7, 9, 10 எங்கே போயின?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் புறநகரான டாண்டினாங்கை விட்டு, வேலை கிடைத்து, விக்டோரியாவின் உள்ளே இருக்கும் பென்டிகோ வந்திருக்கிறீர்கள். டிவி பழையதுதான், வாடகை வீட்டுக் கூரையில் முன்பே இருந்த ஆன்டெனா. ஆட்டோ டியூன் செய்தால், மெல்பர்னில் பார்த்த வணிகச் சேனல்களான செவன், நைன், டென், அதாவது 7, 9, 10 மூன்றும் இல்லை. 5, 6, 8 என்று வருகிறது. மெல்பர்னின் சமுதாயச் சேனல் 44 அடியோடு காணோம். பெரிய ஆன்டெனா போட்டால் மெல்பர்ன் சேனல்கள் கிடைக்குமா, ஊரிலிருந்து வரப்போகும் அப்பாவுக்குக் கிரிக்கெட் பார்க்கக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தால் மூன்று நான்கு கேள்வி. உள்ளே இருப்பது ஒன்றுதான்: நகரத்தை விட்டு வந்தவர்களுக்குக் குறைத்துக் கொடுக்கிறார்களா?

விக்டோரியாவின் நடுப்பகுதியில் பதினெட்டு வருடம் கூரை ஏறி ஆன்டெனா கட்டியவன் நான். இதே கேள்வியை ஏணியின் கீழே நின்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். சின்ன பதில்: உங்கள் டிவியில் கோளாறு இல்லை, முக்கியமான சேனல்கள் எல்லாம் வேறு எண்ணில் அங்கேயே இருக்கின்றன. ஒன்றிரண்டு உண்மையிலேயே போய்விட்டன. ஏன் என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமான பதில் வேண்டியிருக்கிறது.

முதலில் "நகரம்", "பிராந்தியம்" என்ற சொற்களை வரைபடத்து அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிக்கு நகரம் என்றால் ஐந்தே ஐந்து: சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன், அடிலெய்ட், பெர்த். மீதி எல்லாம் பிராந்தியம். நாட்டின் தலைநகரான கான்பெராவும் பிராந்தியம்தான். பாராளுமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர் வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் டிவி விஷயத்தில் ஒரே அந்தஸ்து. ஹோபார்ட், டார்வின் இரண்டும் தலைநகரங்கள்தான், அவையும் இந்தப் பட்டியலில் இல்லை. சிட்னியிலிருந்து எண்பது கிலோமீட்டரில் இருக்கும் வொலொங்கொங் பிராந்தியம். மெல்பர்னுக்கு ஏறக்குறைய அதே தூரத்தில் இருக்கும் ஜீலாங், மெல்பர்ன் கணக்கில் சேர்கிறது. இதைத் தூரம் தீர்மானிக்கவில்லை. உரிமப் பகுதி என்று அரசு கோடு போட்டு, இந்தக் கோட்டுக்குள் இந்த நிலையம் ஒளிபரப்பலாம், இந்தக் கோட்டுக்குள் விளம்பரம் விற்கலாம் என்று பிரித்து வைத்திருக்கிறது. வண்டியில் கால்டர் நெடுஞ்சாலையில் வரும்போது நீங்கள் கவனிக்காமல் அந்தக் கோட்டைத் தாண்டி வந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

கோடு வந்த கதை பழையது. 1956இல் சிட்னியிலும் மெல்பர்னிலும் டிவி தொடங்கியது. வெளியூர்களுக்கு 1961 டிசம்பரில்தான் வந்தது. முதலில் கிப்ஸ்லாந்து, அதே மாதத்தில் ஷெப்பர்டனும் உங்கள் பென்டிகோவும். அன்றைய பென்டிகோ நிலையத்தின் பெயர் பிசிவி-8. ஒரு ஊருக்கு ஒரு வணிக நிலையம், கூடவே அரசின் ஏபிசி. முப்பது வருடம் வரை வெளியூர்க்காரர்களுக்கு அதுதான் டிவி. நகரத்தில் செவன், நைன், டென் மூன்றும் முட்டிக்கொண்டிருக்க, இங்கே அந்த ஒரே நிலையம் மூன்றிடமிருந்தும் வேண்டியதை வாங்கி, கலந்து போட்டது. அதை ஏக்கத்தோடு பேசும் கிழவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு: மூன்று நெட்வொர்க்கிலும் நல்லதாக ஓடியது எல்லாம் ஒரே சேனலில் வந்தது. ஆனால் நகரத்துக்காரருக்கு இருந்த தேர்வு இவர்களுக்கு இல்லை என்பதும் உண்மை.

1980களின் கடைசியில் அரசு ஒரு காரியம் செய்தது. பக்கத்துப் பக்கத்துச் சின்ன உரிமப் பகுதிகளைச் சேர்த்து ஒரு பெரிய பகுதியாக்கி, அதற்குள் மூன்று வணிக நிலையங்களும் போட்டி போடட்டும் என்றது. தெற்கு நியூ சவுத் வேல்ஸும் கான்பெராவும் 1989 மார்ச்சில், குயின்ஸ்லாந்து 1990 முடிவில், வடக்கு நியூ சவுத் வேல்ஸ் 1991 முடிவில், விக்டோரியா 1992 ஜனவரி 1 அன்று. தாஸ்மானியாவுக்கு 1994. விக்டோரியாவில், ஆல்பரியிலிருந்து வந்த பிரைம் என்ற நிலையம் செவனோடு சேர்ந்துகொண்டது. பாலராட், ஷெப்பர்டன் பக்கத்து நிலையம் (பின்னால் வின்) நைனோடு. பென்டிகோ, கிப்ஸ்லாந்து நிலையம் (பின்னால் சதர்ன் கிராஸ்) டென்னோடு. உங்கள் ஊரின் அந்தப் பழைய எட்டாம் நம்பர் நிலையம்தான், கை மாறிக் கை மாறி, இன்று நீங்கள் 5இல் பார்க்கும் டென். இப்போது 8இல் வருவதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இதைக் கேட்டு ஊர்க்காரர்களே ஆச்சரியப்படுவார்கள்.

"சேர்ந்துகொண்டது" என்றேனே, அதுதான் மொத்த விஷயத்தின் முடிச்சு. வெளியூர் நிலையம் நெட்வொர்க்கின் கிளை அல்ல, தனி முதலாளி. நெட்வொர்க்கிடமிருந்து நிகழ்ச்சியை மொத்தமாக வாங்கி, தன் டவரில் ஏற்றி, நடுவில் தன் விளம்பரத்தைப் போட்டு, வரும் வருமானத்தில் ஒரு பங்கை நெட்வொர்க்குக்குக் கட்டும். பங்கு சின்னது அல்ல, ஏறக்குறையப் பாதி வரை போயிருக்கிறது. நம் ஊரில் பெரிய கம்பெனியின் ஏஜென்சி எடுத்துக் கடை நடத்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு அவர்களுடையது, கடைப்பலகை நம்முடையது. நகர நெட்வொர்க்குகளே ஏன் நேராகக் கடை போடவில்லை என்றால், சட்டம் விடவில்லை. ஒரே முதலாளியின் நிலையங்கள் நாட்டு மக்கள்தொகையில் 75 சதவீதத்துக்கு மேல் எட்டக் கூடாது என்ற விதி இருந்தது. அந்த விதி 2017இல்தான் போனது.

எண்களின் குழப்பமும் இங்கிருந்துதான். ரிமோட்டில் வரும் எண் நிலையத்துக்குச் சொந்தம், நெட்வொர்க்குக்கு அல்ல. பிரைமுக்கு 6, வின்னுக்கு 8, சதர்ன் கிராஸுக்கு 5 என்று கொடுத்தார்கள். ஏபிசி 2, எஸ்பிஎஸ் 3 என்பது மட்டும் நாடு முழுக்க ஒன்று, ஏனென்றால் அவை இரண்டும் எல்லா ஊரிலும் ஒரே முதலாளி, அதாவது அரசு. இந்த எண் சங்கதியின் முழு வேடிக்கையை நான் 2016 ஜூலையில் பார்த்தேன். நைன் தன் நேரலையை இணையத்தில் வெளியூர் வரை கொண்டு போனது, வின் அதை எதிர்த்து நீதிமன்றம் போய்த் தோற்றது, இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. 2016 ஜூலை 1 அன்று வின் டென்னுக்குத் தாவியது, சதர்ன் கிராஸ் நைனுக்குப் போனது. எண்கள் மட்டும் அசையவில்லை. அதாவது முந்தின நாள் வரை 8இல் வந்த நைன் மறுநாள் காலை 5இல். 5இல் வந்த டென் 8இல். அந்த வாரம் என் போன் ஓயவில்லை. ஈகிள்ஹாக்கில் ஒரு வயதான அம்மா, காற்றில் ஆன்டெனா திரும்பிவிட்டது, அதனால்தான் செய்தி வாசிப்பவர் மாறிவிட்டார் என்று சாதித்தார். ஏறிப் பார்த்துவிட்டு வந்து, ரிமோட்டில் 5ஐ அமுக்கிக் காட்டினேன். அதற்குக் காசு வாங்க மனசு வரவில்லை. ஐந்து வருடம் கழித்து, 2021 ஜூலை 1 அன்று, இரண்டும் பழையபடி மாறிக்கொண்டன. அதே அம்மா மறுபடி கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு கடைப்பலகையும் இறங்கத் தொடங்கிவிட்டது. பிரைமை 2021 கடைசியில் செவனே வாங்கிக்கொண்டது. சதர்ன் கிராஸ் கையில் இருந்த டென் நிலையங்களை 2025 தொடக்கத்தில் டென் எடுத்துக்கொண்டது. வின் இன்னும் தனி. ஆகவே உங்கள் ஊரில் மூன்றில் இரண்டு இப்போது நகர முதலாளிகளிடமே இருக்கின்றன. முப்பது வருடத்துக்கு முன்னால் போட்ட ஏற்பாடு மெல்ல மெல்லக் கலைகிறது என்பது என் கணிப்பு; கணிப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, உண்மையில் என்ன குறைகிறது? முக்கிய சேனல்களில் நிகழ்ச்சி ஏறக்குறைய அப்படியே அதே நேரத்தில் வரும். வித்தியாசம் தெரிவது துணைச் சேனல்களில். ஒரு நிலையத்துக்கு 7 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு அலைவரிசை. அதற்குள் நொடிக்குச் சுமார் 23 மெகாபிட் இடம். அந்த இடத்தில் எத்தனை சேனலை அடைப்பது, எதை எச்டியில் விடுவது என்பதை நிலையத்தின் முதலாளி தீர்மானிக்கிறார். நெட்வொர்க் புதிதாக ஒரு துணைச் சேனல் தொடங்கினால், வெளியூர் முதலாளி அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். அதே இடத்தை, நாள் முழுக்கப் பொருள் விற்கும் தொலைக்கடைச் சேனலுக்கு வாடகைக்கு விட்டால் கையில் காசு வரும். எதைச் செய்வார் என்று சொல்லத் தேவையில்லை. 2016இல் நகரங்களில் வந்த செவனின் துணைச் சேனல் செவன்ஃபிளிக்ஸ் வெளியூர்களுக்கு வந்து சேர ஆண்டுகள் ஆனதற்கு மலையோ தூரமோ காரணம் இல்லை.

44 உங்களுக்கு நிஜமான இழப்பு. அது மெல்பர்னின் சமுதாயத் தொலைக்காட்சி, உரிமம் மெல்பர்ன் பகுதிக்கு மட்டும். சிட்னி, பிரிஸ்பேன், பெர்த்தில் இருந்த அதே வகைச் சேனல்கள் மூடப்பட்டுவிட்டன. மெல்பர்னும் அடிலெய்டும்தான் தாக்குப்பிடித்தன. பல மொழி, பல இனக் குழுக்கள் தாங்களே நிகழ்ச்சி தயாரித்துப் போட்ட இடம் என்பதால் நம்மவர்கள் அதைத் தேடுவது புரிகிறது. கூரை வழியாக வராது. சிடிவி பிளஸ் என்ற அவர்களுடைய ஆப்பில் பார்க்கலாம்.

கொஞ்சம் எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் ஒரு பக்கத்தையே பேசுகிறார்கள். 2021 ஆகஸ்டில் ஸ்கை நியூஸ் ரீஜினல் என்ற செய்திச் சேனல் வெளியூர்களில் மட்டும் இலவசமாக வந்தது. மெல்பர்னில் ஸ்கை நியூஸ் பார்க்க அன்று பணம் கட்ட வேண்டியிருந்தது. அது வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் ரசனை. ஆனால் "வெளியூருக்கு எப்போதும் குறைவு" என்ற கணக்கு அங்கே தப்புகிறது.

சேனல் எண்ணிக்கையை விட எனக்கு உறுத்துவது வேறு: உள்ளூர்ச் செய்தி. வெளியூர் நிலையங்கள் குறிப்பிட்ட அளவு உள்ளூர் விஷயம் போட்டே ஆக வேண்டும் என்று புள்ளிக் கணக்கில் ஒரு விதி இருக்கிறது. விதி இருந்தும் 2019இல் ஆரஞ்ச், டப்போ, ஆல்பரி, வாகா வாகா, வைட் பே ஆகிய இடங்களின் செய்தி அறைகளை வின் மூடியது. செவன்ஃபிளிக்ஸ் வராததற்கு யாரும் சாகப் போவதில்லை. ஊருக்குப் பக்கத்தில் காட்டுத்தீ வரும்போது உள்ளூர் நிருபர் இல்லாதது வேறு சங்கதி. இங்கே ஏபிசியின் உள்ளூர் வானொலியைத்தான் நான் நம்புகிறேன். கோடை வருமுன் அதன் அலைவரிசையைக் காரில் பதிந்து வையுங்கள். ஏபிசி டிவியின் மாலை ஏழு மணிச் செய்தி மாநிலத்துக்கு ஒன்று என்பதால் மெல்பர்னில் பார்த்த அதே செய்திதான் இங்கும்.

உங்களுக்குக் குறைகிறது என்று தோன்றினால் மில்டுராவை நினைத்துக்கொள்ளுங்கள். 2010 ஜூன் 30 அன்று நாட்டிலேயே முதலில் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி, முழு டிஜிட்டலுக்கு மாறிய ஊர் அது. மெல்பர்ன் மாறியது 2013 டிசம்பரில். மில்டுராவில் டென்னைத் தந்துகொண்டிருந்த நிலையத்தை மற்ற இரண்டு நிலையங்களும் கூட்டாக நடத்தின. கட்டுபடியாகவில்லை என்று 2024 ஜூன் கடைசியில் நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் காலையில் ஊருக்கே ஒரு நெட்வொர்க் ஆன்டெனாவில் இல்லை. டென் வேண்டுமென்றால் இணையத்தில் பார் என்றாகிவிட்டது. குறைந்த மக்கள்தொகையில் மூன்று டவர்ச் செலவு என்ற கணக்கு எங்கே உதைக்கும் என்பதற்கு அதுதான் உதாரணம்.

இன்னும் உள்ளே, டவரே எட்டாத இடங்களுக்கு வாஸ்ட் என்ற செயற்கைக்கோள் சேவை 2010 முதல் இருக்கிறது. டிஷ், அதற்கென்று அங்கீகரித்த பெட்டி, ஒரு ஸ்மார்ட் கார்டு. மாதக் கட்டணம் இல்லை. மூன்று நெட்வொர்க்கும், ஏபிசி, எஸ்பிஎஸ் சேனல்களும், வெவ்வேறு பிராந்தியங்களின் உள்ளூர்ச் செய்திகளும் அதில் வரும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பூர்வகுடி மக்களே சொந்தமாக நடத்தி 1988இல் தொடங்கிய இம்பார்ஜா அதில் உண்டு. ஐசிடிவி என்ற பூர்வகுடிச் சமுதாயச் சேனலும் உண்டு. அதை டாண்டினாங்கில் நீங்கள் ஆன்டெனாவில் பார்த்திருக்க முடியாது. "அப்படியானால் எனக்கும் வாஸ்ட் போட்டுவிடுங்கள்" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். டவர் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் முகவரிக்குக் கார்டைத் திறந்துவிட மாட்டார்கள். பென்டிகோ நகருக்குள் அனுமதி கிடைப்பது கஷ்டம். கேரவனில் நாடு சுற்றுகிறவர்களுக்குத் தற்காலிக அனுமதி உண்டு.

இனி ஆன்டெனா. உங்கள் கூரையைப் பார்க்காமல் நான் சொல்வதற்கு எல்லை இருக்கிறது, அதனால் நிச்சயமானதை முதலில் சொல்கிறேன். மெல்பர்னில் முக்கிய சேனல்கள் டாண்டினாங் மலையிலிருந்து விஎச்எஃப் என்ற தாழ்ந்த அலைவரிசையில் வருகின்றன. அதற்கான ஆன்டெனாவில் குச்சிகள் நீளம். வெளியூர் டவர்களில் பெரும்பாலும் யுஎச்எஃப் என்ற உயர்ந்த அலைவரிசை, குச்சிகள் குட்டை. சில டவர்களுக்குக் குச்சிகள் படுத்திருக்க வேண்டும், சிலவற்றுக்கு நின்றிருக்க வேண்டும். பக்கத்து டவரோடு மோதாமலிருக்க அப்படி அமைக்கிறார்கள். ஆகவே மெல்பர்ன் வீட்டிலிருந்து ஆன்டெனாவைக் கழற்றிக்கொண்டு வருவதில் பயன் இல்லை. அக்கம்பக்கத்து வீட்டுக் கூரைகளைப் பாருங்கள்: எல்லாம் எந்தத் திசையில், எந்த நிலையில் இருக்கிறதோ அதுதான் சரி. பென்டிகோவுக்கு முக்கியமான டவர் தெற்கே ஹார்கோர்ட் பக்கம் மவுண்ட் அலெக்சாண்டரில் இருக்கிறது. மழை பெய்தால் 8 மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு சேனல் மட்டும் மழையில் போவது என்றால், பந்தயம் கட்டுவேன், பத்தில் ஏழு தடவை கேபிள் இணைப்பில் தண்ணீர். மீதி மூன்றில் ஒன்று 4ஜி. டிவிக்கு இருந்த 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளை 2013இல் ஏலம் விட்டுக் கைபேசிக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய ஆன்டெனாவும் அதன் தலையில் இருக்கும் பூஸ்டரும் அந்த அலையையும் சேர்த்து உறிஞ்சித் திக்குமுக்காடும். பூஸ்டரை மாற்றினாலோ ஒரு ஃபில்டர் போட்டாலோ சரியாகும். வாடகை வீடு என்பதால் முதலில் ஏஜெண்டிடம் சொல்லுங்கள். சொந்தக் காசில் ஆள் கூப்பிடாதீர்கள்.

பெரிய ஆன்டெனா போட்டு மெல்பர்னைப் பிடிக்கலாமா? சட்டம் தடுக்காது. வேறு உரிமப் பகுதியின் சிக்னலைப் பார்ப்பது குற்றமில்லை. கோல்ட் கோஸ்ட்டில் பிரிஸ்பேன் சேனல்களும் வெளியூர்ச் சேனல்களும் இரண்டுமே கிடைக்கிற வீடுகள் ஏராளம். பென்டிகோவின் பிரச்சினை நடுவில் நிற்கும் மலைத்தொடர். 150 கிலோமீட்டரும் ஒரு மலைத்தொடரும் தாண்டி டிஜிட்டல் சிக்னல் நிலையாக வருவதை நான் கட்டிய வீடுகளில் ஒன்றில்கூடப் பார்த்ததில்லை. கோடையில் காற்றழுத்தம் கூடிய நாட்களில், இரவில், திடீரென்று மெல்பர்ன் சேனல்கள் தெளிவாக வரும். மேலே சூடான காற்றடுக்கு அலையை வளைத்துக் கொண்டுவந்து போட்டுவிடும். அதைப் பார்த்துவிட்டு உயரமான கம்பம் வாங்கியவர்கள் உண்டு. இரண்டு நாளில் காற்று மாறும், கம்பம் மட்டும் நிற்கும். மேடான, தெற்கே திறந்த இடத்தில் இருக்கும் வீட்டுக்கு முடியுமா என்று கேட்டால், சிக்னல் மீட்டரை வைத்துப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. பார்க்காமலே "முடியும்" என்று விலை சொல்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

அப்பாவின் கிரிக்கெட் பற்றிய பயம் தேவையில்லை, அல்லது அதற்கும் பென்டிகோவுக்கும் தொடர்பில்லை. ஆஸ்திரேலியாவில் நடக்கும் டெஸ்ட்டும், பிக் பாஷில் பெரும்பகுதியும் செவனில். உங்களுக்கு அது 6. ஆண்களின் ஒருநாள், டி20 சர்வதேசப் போட்டிகள் 2018 முதலே இலவச டிவியில் இல்லை, ஃபாக்ஸ்டெல் அல்லது கேயோவுக்குப் பணம் கட்ட வேண்டும். டாண்டினாங்கில் இருந்திருந்தாலும் இதே கதை. 2024இலிருந்து 2027 வரை உலகக் கோப்பைகள் அமேசானில். ஆன்டெனா சரியாகும் வரை அவசரத்துக்கு 7பிளஸ், 9நவ், 10, ஏபிசியின் ஐவியூ, எஸ்பிஎஸ் ஆன் டிமாண்ட் ஆப்புகளை டிவியில் இறக்கி வையுங்கள். இலவசம், இணைய இணைப்பு நன்றாக இருந்தால் போதும்.

கேபிள் இணைப்பைப் பார்த்துவிட்டு, டிவி மெனுவில் 8இன் சிக்னல் பலம், தரம் என்று இரண்டு எண் காட்டும், அவற்றை மழை நாளில் ஒரு தடவையும் வெயில் நாளில் ஒரு தடவையும் குறித்து இங்கே போடுங்கள். பலம் அதிகமாக இருந்து தரம் மட்டும் விழுந்தால் பூஸ்டர்தான். இரண்டும் சேர்ந்து விழுந்தால் தண்ணீர்.